டேப் கிராஷ் ஆனதை வெப் ஆப் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேன்வாஸ்காரர் கேட்டது:

வணக்கம். ரியாக்டில் எழுதிய ஒற்றைப்பக்க ஆப். 20 முதல் 40 மெகாபிக்சல் வரையுள்ள படங்களைப் பயனர் திறந்து, கேன்வாஸ் மேல் எல்லைக்கோடு போட்டுக் குறிப்பு எழுதுவார். ஒரே டேப் ஆறேழு மணி நேரம் மூடாமல் இருக்கும். குரோமில் "ஆவ், ஸ்னாப்" பக்கம் வந்து வேலை போய்விட்டது என்று புகார் வருகிறது. ஆனால் எங்கள் எர்ரர் லாகில் அந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. விண்டோ ஆன்எர்ரர், அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷன் இரண்டையும் பிடித்து சர்வருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கிராஷ் நடந்ததா, எத்தனை முறை, அப்போது பயனர் எந்தத் திரையில் இருந்தார், மெமரி தீர்ந்து செத்ததா அல்லது வேறு காரணமா என்பது தெரிய வேண்டும். பயனர் சொல்லித் தெரிந்துகொள்வதாக இருக்கக் கூடாது.

நூல்கண்டு பதில்:

நீங்கள் பிடிக்கும் இரண்டும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் நடக்கும் பிழைகள். டேப் கிராஷ் அப்படியல்ல. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்த ரெண்டரர் பிராசஸே செத்துவிடுகிறது. அதனால் ஆன்எர்ரர் வராது, பேஜ்ஹைட் வராது, அன்லோட் வராது, ஃபைனலி பிளாக்கும் ஓடாது. லாகில் ஒன்றும் இல்லாதது உங்கள் தவறு அல்ல.

பக்கம் உயிரோடு இருக்கும்போதே தடயம் போட்டுக்கொண்டு வரவேண்டும். செத்த பிறகு வேறொருவர் அதை எடுத்துப் படிக்க வேண்டும். இதற்கு மிக எளிய வடிவம் செஷன்ஸ்டோரேஜ். பக்கம் திறந்ததும் "நடக்கிறது" என்று ஒரு பதிவு எழுதுங்கள். பக்கத்தை விட்டு வெளியேறும்போது வரும் பேஜ்ஹைட் ஈவண்டில் அதை "முடிந்தது" என்று மாற்றுங்கள். அடுத்த முறை பக்கம் திறக்கும்போது, புதிதாக எழுதுவதற்கு முன் பழையதைப் படியுங்கள். "நடக்கிறது" என்றே இருந்தால் முந்தைய ஓட்டம் ஒழுங்காக முடியவில்லை. செஷன்ஸ்டோரேஜ் அந்த டேபோடு ஒட்டிக்கொண்டிருப்பது. கிராஷ் பக்கத்தில் ரீலோட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

இடையில் 5 விநாடிக்கு ஒருமுறை ஹார்ட்பீட்டாக, அதாவது உயிரோடு இருப்பதன் அடையாளமாக, நேரம், எந்தத் திரை, திறந்திருக்கும் படத்தின் அகலம் உயரம், அன்டூ அடுக்கின் எண்ணிக்கை, பெர்ஃபார்மன்ஸ் மெமரியில் கிடைக்கும் ஹீப் (ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் மெமரி) அளவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கிராஷ் நடந்த நேரத்தை 5 விநாடி துல்லியத்தில் சொல்லிவிடலாம். பதிவு 1 கேபிக்குள் இருக்கட்டும். ஸ்டோரேஜில் எழுதுவது மெயின் த்ரெட்டை, அதாவது பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டும் திரை வேலையும் ஓடும் த்ரெட்டை, நிறுத்தி நடக்கும் வேலை. படத்தையே அதில் திணித்தால் கோடு வரையும்போது கை சிக்கும்.

அன்லோடையோ பிஃபோர்அன்லோடையோ நம்ப வேண்டாம். மொபைலில் பல நேரம் வரவே வராது. அன்லோட் கேட்பான் இருந்தால் பேக்-ஃபார்வர்டு கேஷும் (பேக் பொத்தானில் உடனே காட்ட பிரவுசர் பக்கத்தை அப்படியே வைத்திருப்பது) பாதிக்கும். அந்தக் கேஷிலிருந்து பக்கம் திரும்பி வரும்போது பேஜ்ஷோ ஈவண்டில் "பெர்சிஸ்டட்" உண்மை என்று வரும். அங்கே பதிவை மறுபடி "நடக்கிறது" என்று மாற்ற மறந்தால், அதன் பிறகு நடக்கும் கிராஷ் எதுவும் தெரியாது.

பூட்டுச்சாவி பதில்:

நூல்கண்டு சொன்ன அடிப்படை சரி. அதை அப்படியே போட்டால் டேஷ்போர்டில் வரும் எண்ணில் பெரும்பகுதி கிராஷாகவே இருக்காது. எங்கே ஏமாறும் என்று சொல்கிறேன்.

டிஸ்கார்டு: குரோமின் மெமரி சேவர், நீண்ட நேரம் பின்னால் கிடக்கும் டேபை இறக்கிவிடும். அப்போது எந்த ஈவண்டும் வராது. பயனர் திரும்பி அந்த டேபுக்கு வந்ததும் பக்கம் புதிதாக ஏறும். உங்கள் ஆப் "கிராஷ்" என்று கத்தும். ஏறும்போது டாக்குமெண்டின் வாஸ்டிஸ்கார்டட் பண்பைப் பாருங்கள். உண்மை என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சஃபாரியில் இந்தப் பண்பு இல்லை. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பின்னால் போன பக்கத்தை சிஸ்டமே கொல்வது அன்றாடம்.

ஆகவே பதிவில் ஒரே "நடக்கிறது" போதாது, "முன்னால்", "பின்னால்" என்று இரண்டாகப் பிரியுங்கள். விசிபிலிட்டிசேஞ்ச் ஈவண்டில் ஹிட்டன் ஆனவுடன் "பின்னால்", விசிபிள் ஆனவுடன் "முன்னால்". மொபைலில் நம்பத்தகுந்த கடைசி ஈவண்ட் இந்த ஹிட்டன்தான். "முன்னால்" என்ற நிலையில் செத்தது மட்டுமே உங்கள் கிராஷ் கணக்கு. "பின்னால்" செத்தவை தனிப் பெட்டியில் போகட்டும், இரண்டையும் கூட்டவே கூட்டாதீர்கள்.

நகல் டேப்: டேபை டூப்ளிகேட் செய்தால் செஷன்ஸ்டோரேஜும் சேர்த்து நகலாகும். புது டேப் திறந்ததும் "முன்னால்" என்ற பதிவைப் படித்து, உயிரோடு இருக்கும் அசல் டேபைச் செத்ததாக அறிவிக்கும். விண்டோ ஓப்பனில் நோஓப்பனர் இல்லாமல் திறந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு ஓட்டை: கிராஷ் ஆனதும் பயனர் ரீலோட் செய்யாமல் டேபையே மூடிவிட்டால் செஷன்ஸ்டோரேஜ் போயிற்று, கிராஷும் பதிவாகாது. இதற்காகப் பதிவை, டேப் மூடினாலும் அழியாத லோக்கல்ஸ்டோரேஜில் அல்லது இன்டெக்ஸ்டுடிபியில் (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளம்), டேபுக்கு ஒரு தற்செயல் ஐடி வீதம் வையுங்கள். செஷன்ஸ்டோரேஜில் அந்த ஐடி மட்டும் இருக்கட்டும். அடுத்து எந்த டேப் திறந்தாலும் விட்டுப்போன பதிவுகள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

கேன்வாஸ்காரர்:

இருவருக்கும் நன்றி. விட்டுப்போன பதிவு ஒன்றைப் பார்க்கும்போது, அந்த டேப் செத்ததா, பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று எப்படிப் பிரிப்பது? கடைசி ஹார்ட்பீட் 15 விநாடிக்கு மேல் பழையது என்றால் செத்தது என்று வைக்கலாமா? சர்வீஸ் வொர்க்கருக்கு (பக்கத்துக்கு வெளியே பிரவுசர் ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஹார்ட்பீட் அனுப்பி அதைக் கவனிக்க வைக்கும் முறையும் பார்த்தேன். பக்கம் 5 விநாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும், 15 விநாடி வராவிட்டால் கிராஷ். அது போதுமா?

பூட்டுச்சாவி பதில்:

நேரத்தை வைத்து உயிரைத் தீர்மானிக்காதீர்கள். குரோம் 88-லிருந்து, 5 நிமிடத்துக்கு மேல் ஹிட்டனாக இருக்கும் பக்கத்தில் தொடர் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். உங்கள் 15 விநாடி எல்லையை நல்ல டேப்கூடத் தாண்டும். லேப்டாப் மூடியை இறக்கினால் எல்லாம் நின்றுவிடும். அலர்ட் பெட்டியோ பிரிண்ட் உரையாடலோ திறந்திருந்தாலும் மெயின் த்ரெட் நிற்கும். சர்வீஸ் வொர்க்கருக்கும் இதே சிக்கல். மேலும் அதை நீங்கள் உயிரோடு வைத்திருக்க முடியாது: குரோம் 30 விநாடி சும்மா இருந்தால் நிறுத்திவிடும், குளோபல் மாறியில் வைத்த ஹார்ட்பீட் அட்டவணையும் போகும். கிராஷ் ஆன பக்கத்தின் ரெண்டரர் பிராசஸிலேயே அதுவும் ஓடிக்கொண்டிருந்தால் கூடவே சாகும்.

இதற்குச் சரியான கருவி வெப் லாக்ஸ்: ஒரு பெயரிலான பூட்டை ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்க விடும் பிரவுசர் வசதி. குரோம் 69, ஃபயர்ஃபாக்ஸ் 96, சஃபாரி 15.4 முதல் இருக்கிறது. ஹெச்டிடிபிஎஸ் வேண்டும், லோக்கல்ஹோஸ்டில் சோதிக்கலாம். பூட்டைப் பக்கம் பிடித்திருக்கும் வரை அது உயிரோடு இருக்கிறது. பக்கம் எந்த வழியில் போனாலும், கிராஷ் உட்பட, பிரவுசரே பூட்டை விடுவிக்கும். டைமர் மந்தமானாலும், கம்ப்யூட்டர் தூங்கினாலும் பூட்டு அப்படியே இருக்கும்.

பக்கம் திறந்ததும் தன் ஐடியின் பெயரில் ஒரு பூட்டு கேளுங்கள். கால்பேக்கிலிருந்து பேஜ்ஹைட் வரை தீராத பிராமிஸ் ஒன்றைத் திருப்புங்கள். பதிவை எழுதும் வேலை அந்தக் கால்பேக்குக்குள் நடக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. முன்னால் எழுதினால், பதிவு இருக்கிறது பூட்டு இல்லை என்ற சில மில்லிவிநாடி இடைவெளி உண்டாகும். அந்த நேரத்தில் திறக்கும் இன்னொரு டேப் உங்களைச் செத்ததாக எழுதிவிடும்.

பரிசோதிக்கும் பக்கம்: விட்டுப்போன ஒவ்வொரு பதிவின் ஐடிக்கும், இஃப்அவைலபிள் என்ற விருப்பத்தோடு அதே பூட்டைக் கேளுங்கள். நல் கிடைத்தால் அந்த டேப் உயிரோடு இருக்கிறது, தொடாதீர்கள். பூட்டு கிடைத்தால் அது செத்தது. பூட்டு கையில் இருக்கும்போதே பதிவை மறுபடி படித்து, சர்வருக்கு அனுப்பி, அழித்துவிடுங்கள். இரண்டு டேப்கள் ஒரே நேரத்தில் திறந்து ஒரே கிராஷை இரண்டு முறை அனுப்புவது இதனால் நின்றுவிடும். நகல் டேப் பிரச்சினையும் இங்கேயே தீர்கிறது: செஷன்ஸ்டோரேஜில் இருக்கும் ஐடியின் பூட்டு கிடைக்கவில்லை என்றால் நான் நகல், எனக்குப் புது ஐடி.

பேஜ்ஹைட்டில் "முடிந்தது" என்று எழுதிப் பூட்டை விடுங்கள், பேஜ்ஷோவில் மறுபடி பிடியுங்கள். இல்லாவிட்டால் பூட்டே பேக்-ஃபார்வர்டு கேஷுக்குத் தடையாகலாம்.

மின்சாரம் போவது, பிரவுசரையே டாஸ்க் மேனேஜரில் கொல்வது இரண்டும் இந்த முறையிலும் கிராஷ் போலத்தான் தெரியும். உங்கள் ஆப்பின் இன்னொரு டேப் உயிரோடு இருக்கும்போதே ஒரு டேபின் பூட்டு விடுபட்டு, பதிவு "முன்னால்" என்று இருந்தால் அதுதான் வலுவான சாட்சி. அதைத் தனிக் குறியோடு அனுப்புங்கள். பல பதிவுகளின் கடைசி ஹார்ட்பீட் ஒன்றாக நின்றிருந்தால் பிரவுசர் மொத்தமாகப் போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஒரே தளத்தின் சில டேப்களைக் குரோம் ஒரே ரெண்டரர் பிராசஸில் வைப்பதுண்டு, அப்போது உண்மையான கிராஷிலும் அவை சேர்ந்தே சாகும்.

நூல்கண்டு பதில்:

பக்கம் சாகாமல் உறைந்து தொங்குவதையும் கிராஷையும் பிரிக்க, மெயின் த்ரெட்டுக்கு வெளியே தனி த்ரெட்டில் ஓடும் டெடிகேட்டட் வொர்க்கர் உதவும். மெயின் த்ரெட் விநாடிக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். பக்கம் முன்னால் இருக்கும்போது 10 விநாடி செய்தி வராவிட்டால், "தொங்குகிறது" என்று வொர்க்கரே ஃபெட்ச் மூலம் சர்வருக்குச் சொல்லலாம், அதற்கு மெயின் த்ரெட் தேவையில்லை. வொர்க்கர் தன் சொந்த டைமர் இடைவெளியையும் அளக்க வேண்டும். அதுவும் 10 விநாடிக்கு மேல் தாவியிருந்தால் தூங்கியது கம்ப்யூட்டர், பக்கம் அல்ல. வொர்க்கர் அதே பிராசஸில் இருப்பதால் கிராஷைச் சொல்லாது. அதற்கு முன் நடந்த தொங்கலை மட்டும் சொல்லும்.

சர்வர்பக்கம் பதில்:

குரோம், எட்ஜ் பயனர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பக்கத்தில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டும் எழுத வேண்டாம். பிரவுசரே சர்வருக்குப் புகார் அனுப்பும் ரிப்போர்ட்டிங் ஏபிஐ. ஹெச்டிஎம்எல் பதிலோடு ரிப்போர்ட்டிங்-எண்ட்பாயிண்ட்ஸ் என்ற ஹெடரில் டிஃபால்ட் என்ற பெயருக்கு ஒரு ஹெச்டிடிபிஎஸ் முகவரி கொடுங்கள். ரெண்டரர் செத்தால் பிரவுசர் பிராசஸ் அந்த முகவரிக்கு போஸ்ட் செய்யும். ரிப்போர்ட்டின் டைப் "கிராஷ்". பாடியில் ரீசன் என்ற புலம் "ஓஓஎம்" என்றால் மெமரி தீர்ந்தது. "அன்ரெஸ்பான்சிவ்" என்றால் தொங்கிய பக்கத்தை முடித்துவிட்டார்கள். புலமே இல்லை என்றால் மற்ற காரணங்கள். "மெமரியா, வேறா" என்ற உங்கள் கேள்விக்கு நேரடி விடை இங்கேதான் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டால் இதை ஒருபோதும் சொல்ல முடியாது.

எல்லோரும் சறுக்கும் இடம்: கன்டென்ட்-டைப் சாதாரண ஜேசன் அல்ல, "அப்ளிகேஷன்/ரிப்போர்ட்ஸ்+ஜேசன்". சர்வர் நோட் எக்ஸ்பிரஸில் இருந்து, அதன் ஜேசன் பார்சரை அப்படியே விட்டால் பாடி காலியாகத்தான் வரும், ஏதும் வரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். அந்த டைப்பையும் ஏற்கச் சொல்லுங்கள். வருவது ஒரு ஆப்ஜெக்ட் அல்ல, அர்ரே. முகவரி வேறு ஆரிஜினில் இருந்தால் முதலில் ஆப்ஷன்ஸ் வேண்டுகோள் வரும். கன்டென்ட்-டைப் ஹெடரை அனுமதித்துப் பதில் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் வராது. டிஃபால்ட்டுக்கு டெப்ரிகேஷன், இன்டர்வென்ஷன் ரிப்போர்ட்டுகளும் வந்து குவியும், டைப் பார்த்து வடிகட்டுங்கள்.

ரிப்போர்ட் உடனே வராது. பிரவுசர் சேர்த்துவைத்து அனுப்பும். ஏஜ் என்ற புலம் மில்லிவிநாடியில் இருக்கும். வந்த நேரத்திலிருந்து அதைக் கழித்தால் கிராஷ் நேரம். பயனர் யார், எந்தப் படம் என்று இதில் சேர்க்க இடமில்லை. ஆனால் ஹெடரை ஒவ்வொரு பதிலிலும் சர்வர்தான் எழுதுகிறது, ஆகவே எண்ட்பாயிண்ட் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு தற்செயல் ஐடியைச் சேர்த்து அனுப்பலாம். அதே ஐடியைப் பக்கத்துக்கும் கொடுத்து பூட்டுச்சாவி சொன்ன பதிவில் எழுதினால், ஒருபுறம் காரணம், மறுபுறம் திரையும் பட அளவும். இரண்டும் சர்வரில் இணைந்துவிடும். ஹெச்டிஎம்எல்லை சிடிஎன் (இடையில் நகல் வைத்துப் பரிமாறும் சர்வர்கள்) கேஷ் செய்தால் எல்லோருக்கும் ஒரே ஐடி போய்விடும், அதைக் கவனியுங்கள்.

தொங்கும் கேசுக்கு, டாக்குமெண்ட்-பாலிசி ஹெடரில் "இன்க்ளூட்-ஜேஎஸ்-கால்-ஸ்டாக்ஸ்-இன்-கிராஷ்-ரிப்போர்ட்ஸ்" என்று சேர்த்தால், புதிய குரோமில் அன்ரெஸ்பான்சிவ் ரிப்போர்ட்டோடு ஜாவாஸ்கிரிப்ட் கால் ஸ்டாக் கிடைக்கும். எந்தச் சுழற்சியில் மாட்டியது என்று ஃபங்ஷன் பெயரோடு தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் இந்தக் கிராஷ் ரிப்போர்ட் கிடையாது, அங்கே பூட்டு முறைதான். பக்கத்துக்குள் ரிப்போர்ட்டிங்அப்சர்வர் வைத்துக் கிராஷைப் பிடிக்கலாம் என்று தேடாதீர்கள். பார்க்க வேண்டிய பக்கமே அப்போது இல்லை.

மெமரிக்கணக்கு பதில்:

கேட்டது கண்டுபிடிப்பதைப் பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்ன எண்களைப் பார்த்தால் காரணம் கிட்டத்தட்டத் தெரிகிறது, அதனால் சொல்கிறேன்.

40 மெகாபிக்சல் படம் டிஸ்கில் 12 எம்பி ஜேபெக்காக இருக்கலாம். டிகோட் ஆனதும் பிக்சலுக்கு 4 பைட், அதாவது 160 எம்பி. கேன்வாஸில் வரைந்தால் அதற்கு இன்னொரு 160. அன்டூவுக்காக ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் முழுக் கேன்வாஸின் கெட்இமேஜ்டேட்டாவை எடுத்து அடுக்கினால், 10 கோட்டுக்கு 1.6 ஜிபி. ஆறு மணி நேரம் இதில் தாங்குவதே பெரிது.

நூல்கண்டு சொன்ன ஹீப் அளவு இங்கே ஏமாற்றும். இமேஜ்டேட்டாவின் பைட்கள், டிகோட் ஆன படம், கேன்வாஸ் இவை எதுவும் குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8-இன் ஹீப்புக்குள் இல்லை. யூஸ்டுஜேஎஸ்ஹீப்சைஸ் பிராசஸின் முழு மெமரியைக் காட்டாது. குரோமில் ஷிப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில் உங்கள் டேபின் மெமரி ஃபுட்பிரிண்ட் நிரலைத் திறந்து வைத்து, 10 கோடு போட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் கோடு 160 ஏறினால் அன்டூ அடுக்குதான். கோட்டில் ஏறாமல் படம் மாற்றும்போது மட்டும் ஏறி இறங்காமல் நின்றால், பழைய படத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே முழு அளவை அளக்க மெஷர்யூசர்ஏஜென்ட்ஸ்பெசிஃபிக்மெமரி இருக்கிறது, குரோம் 89 முதல். பக்கம் கிராஸ்-ஆரிஜின் ஐசொலேஷனில், அதாவது ஹெடர்கள் மூலம் மற்றத் தளங்களிலிருந்து தனிமைப்படுத்தி, இருந்தால்தான் வேலை செய்யும். அதற்கான ஹெடர்களைப் போட்டால் வெளித்தளப் படங்கள் ஏறாமல் போகலாம், எனவே படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பாருங்கள். அது முடியாவிட்டால், திறந்திருக்கும் பிக்சல் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி, அன்டூ பிரதிகளையும் சேர்த்து உங்கள் பதிவில் எழுதுங்கள். ஹீப் எண்ணைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அன்டூவுக்குப் பிக்சல் வேண்டாம், கோட்டின் புள்ளிகளை வைத்து மறுபடி வரையுங்கள். படம் மாறும்போது இமேஜ்பிட்மேப்பை குளோஸ் செய்யுங்கள், ஆப்ஜெக்ட் யூஆர்எல்லை ரிவோக் செய்யுங்கள், பயன்படாத கேன்வாஸின் அகலத்தை 0 ஆக்குங்கள். ஒரு கோடு முடிந்ததும் அதன் புள்ளிகளை இன்டெக்ஸ்டுடிபியில் எழுதிவிட்டால் அடுத்த கிராஷில் பயனர் இழப்பது கையில் இருந்த கோடு ஒன்றுதான். 30 விநாடிக்கு ஒருமுறை சேமிப்பது போதாது, கோட்டுக்குக் கோடு எழுதுங்கள்.

கேன்வாஸ்காரர்:

அன்டூவில் முழு இமேஜ்டேட்டாதான் இருக்கிறது, 50 படி வரை. அதை மாற்றுகிறேன். இவ்வளவையும் போட்ட பிறகு சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? வேண்டுமென்றே கிராஷ் ஆக்க வழி உண்டா?

சோதனைமேசை பதில்:

உண்டு. உங்கள் ஆப் திறந்திருக்கும் அதே டேபின் முகவரிப் பட்டையில் குரோம்://கிராஷ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த டேபின் ரெண்டரர் சாகும். குரோம்://ஹேங் மெயின் த்ரெட்டைத் தொங்க வைக்கும். குரோம்://கில் பிராசஸைக் கொல்லும். டிஸ்கார்டைச் சோதிக்க குரோம்://டிஸ்கார்ட்ஸ் பக்கத்தை வேறு டேபில் திறந்து, உங்கள் டேபின் வரிசையில் டிஸ்கார்டு இணைப்பை அழுத்துங்கள். திரும்பிப் போனால் பக்கம் புதிதாக ஏறும், கிராஷ் எண்ணிக்கை ஏறக் கூடாது.

கிராஷ் செய்து ரீலோட், கிராஷ் செய்து டேபை மூடிப் புது டேப், டூப்ளிகேட் டேப், பின்னால் 10 நிமிடம் விட்டு வருதல், லேப்டாப்பை மூடித் திறத்தல், வேறு பக்கம் போய் பேக் பொத்தானில் திரும்புதல். முதல் இரண்டில் மட்டும் எண் 1 ஏற வேண்டும், மற்றவற்றில் 0. டூப்ளிகேட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை முதலில் செய்யுங்கள்.

வெளித்தள ஐஃபிரேம் ஏதும் வைத்திருந்தால் அது தனிப் பிராசஸில் ஓடும். அது மட்டும் செத்து உங்கள் பக்கம் தொடரும், தாய்ப்பக்கத்துக்கு ஈவண்ட் எதுவும் வராது. போஸ்ட்மெசேஜில் அதைக் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. வெப்ஜிஎல் பயன்படுத்தினால் ஜிபியு பிராசஸ் சாவதும் உண்டு. அது டேப் கிராஷ் அல்ல, வெப்ஜிஎல்கான்டெக்ஸ்ட்லாஸ்ட் ஈவண்ட் வரும், அதைத் தனியாக எண்ணுங்கள்.

பிரவுசரைத் தானாக ஓட்டும் கருவிகளைக் கொண்டு செய்யும் தானியங்கிச் சோதனையில், பிளேரைட்டில் பக்கத்தின் "கிராஷ்" ஈவண்டையும், பப்பட்டியரில் "எர்ரர்" ஈவண்டையும் கேளுங்கள். பப்பட்டியரில் "பேஜ்எர்ரர்" என்பது ஜாவாஸ்கிரிப்ட் பிழை, பெயர் மயக்கும். சோதனை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடினால், வேண்டுமென்று செய்யாமலே பக்கம் கிராஷ் ஆகலாம், உங்கள் ஆப்பைப் போல பெரிய படம் என்றால் வாய்ப்பு அதிகம். டாக்கர் கொடுக்கும் டெவ்-எஸ்ஹெச்எம் (பிராசஸ்கள் பகிரும் மெமரி) இயல்பாக 64 எம்பிதான். கன்டெய்னரை எஸ்ஹெச்எம்-சைஸ் 1 ஜிபி என்று கொடுத்து ஓட்டுங்கள், அல்லது குரோமை டிஸேபிள்-டெவ்-எஸ்ஹெச்எம்-யூசேஜ் ஃபிளாகோடு தொடங்குங்கள். இதைச் செய்யாமல் வரும் கிராஷை ஆப்பின் கிராஷாக எண்ணித் தேடாதீர்கள்.